கப்பல் அண்ணன்

கைக்குழந்தையோடு அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடிபோன பெண்களிடம், 'முதல் ஆறு மாசம் எப்படிப் போச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். 'பேச ஆள் இல்லாம செத்துட்டேன்!' என்பார்கள். அப்புறம் ஒருநாள் பார்க்கில் குழந்தையை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து ஒரு குரல்... 'நீங்க தமிழா?' அவ்வளவுதான், பாதி பாரம் இறங்கிவிடும்!

ஊருக்குப் போன் பேசவும், நினைத்தால் திரும்பி வரவும் வழி இருக்கிற காலத்திலேயே இந்தப் பாடு. எதுவுமே இல்லாத காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டியவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

அதற்கு நாம் அரக்கோணம் பக்கம் வரவேண்டும்.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையில்தான் இருக்கிறது அரக்கோணம். அரக்கோணம், திருத்தணி, சித்தூர் எல்லாமே அன்று வட ஆற்காடு ஜில்லா. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கிய பூமி. மழை பொய்த்தால் பஞ்சம். ரயில் ஏறினால் மெட்ராஸ் துறைமுகம்!

1903-ல் மெட்ராஸிலிருந்து பிஜித் தீவுக்கு முதல் கூலிக் கப்பல் போனது. 1916 வரை போன தென்னிந்தியர்கள் சுமார் 15,000 பேர். அவர்களை அதிகமாக அனுப்பிய ஜில்லாக்களில் வட ஆற்காடும் ஒன்று. ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் தினக்கூலி. அதுவும் கொடுத்த வேலையை முடித்தால்தான்! 'அக்ரிமென்ட்' என்ற வார்த்தை கூலிகள் வாயில் 'கிர்மிட்' ஆனது.

அந்தக் கப்பலில்தான் ஒரு விநோதம் நடந்தது.

கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று பயந்த காலம் அது. ஆனால், கப்பலில் எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே படுக்கைத் தளம். யார் என்ன ஜாதி என்று பார்த்துக்கொண்டிருந்தால் பட்டினிதான். அலையில் தாய் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கும்போது, அழுகிற குழந்தையைப் பக்கத்தில் இருப்பவர்தானே தூக்கவேண்டும்? அப்படித் தூக்கியவர் சித்தப்பா ஆனார், மாமா ஆனார், அண்ணன் ஆனார். வடக்கத்தியர்கள் இந்த உறவுக்கு வைத்த பெயர் 'ஜஹாஜி பாய்'... கப்பல் சகோதரன்! மொரிஷியஸ், டிரினிடாட், சூரினாம் என்று கூலிகள் போன இடமெல்லாம் இந்த உறவு இருந்தது. ரத்த உறவு மாதிரியே நினைத்து, கப்பல் தோழர்களின் பிள்ளைகளுக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்றுகூடச் சிலர் பார்த்தார்கள்.

ஆனால், கரையில் காத்திருந்தது வேறு கதை. நுகுலாவ் என்ற குட்டித் தீவில் மருத்துவச் சோதனைக்காக நிறுத்திவைத்தார்கள். பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கணவன்-மனைவியைப் பிரிப்பதில்லை. கப்பல் அண்ணனைப் பற்றி யாருக்குக் கவலை? அவர் ஒரு தோட்டம், நீங்கள் ஒரு தோட்டம்!

தங்குமிடம், லைன் வீடு. ஓர் அறை பத்தடிக்கு ஏழடி. மூன்று ஒண்டிக்கட்டை ஆண்கள், இல்லையென்றால் குழந்தைகளோடு ஒரு தம்பதி. நம் ஊர்ப் பெண்ணுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. பிஜிக்கு வடக்கத்தியர்கள் 1879-லேயே வந்துவிட்டார்கள். மெட்ராஸ்காரர்கள் நாலில் ஒரு பங்குதான். தோட்டத்தில் புழங்கியது ஹிந்துஸ்தானி. மேஸ்திரி திட்டுவதும் புரியாது. பக்கத்து அறைக்காரி அன்பாகப் பேசினாலும் புரியாது!

'செத்துட்டேன்' என்று நாம் சும்மா சொல்கிறோம். அங்கே அது நிஜமாகவே நடந்தது. பிஜித் தோட்டங்களில் தற்கொலைகள் பயங்கரமான அளவுக்கு இருந்தன. தென்னிந்தியர்கள் அதில் கூடுதலாகவே பலியானதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மொழி தெரியாத தனிமையும் ஒரு காரணம் என்கிறார்கள். அந்தக் கரும்புத் தோட்டப் பெண்களை நினைத்துத்தான் பாரதியார் உருகிப் பாடினார்.

அப்படியும் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? முக்கியமாக, பிள்ளைகளால்! லைன் வீட்டு வாசலில் மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கு இலக்கணமா வேண்டும்? ஹிந்துஸ்தானியைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சேர்ந்து விளையாடினால், அம்மாக்கள் எத்தனை நாள் முறைத்துக்கொண்டு நிற்க முடியும்?

இதற்கு ஒரு விலையும் இருந்தது. தோழமை கொடுத்த அதே ஹிந்துஸ்தானி, பிள்ளைகள் நாக்கிலிருந்து தமிழைத் தள்ளிக்கொண்டிருந்தது. 1920 ஜனவரி 1-ம் தேதி கிர்மிட் ஒழிந்தது. 1926-ல், ஒப்பந்தக் கூலியாக வந்த சாது குப்புசுவாமி என்பவர் முன்னின்று, நாடி நகரில் 'தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' தொடங்கினார். தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சங்கம். வரிசையாகப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். 1941-ல் தெலுங்கர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். வட ஆற்காட்டில் ஒரே தெருவில் இருந்தவர்களுக்கு பசிபிக் கடலில் போய் எல்லைத் தகராறு! இங்கேயும் அதேதானே? 1953-ல் ஆந்திராவோடு போன திருத்தணி, போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல்தான் நம்மிடம் வந்தது.

நாடியில் இன்று பெரிய கோபுரத்தோடு ஒரு முருகன் கோயில் நிற்கிறது. 1994-ல் கும்பாபிஷேகம் ஆனது. திருத்தணி மலையில் 365 படியேறிக் கும்பிடுகிற அதே சாமிதான் கடல் தாண்டியும் போயிருக்கிறார்!

இப்போது மறுபடி அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வாருங்கள். வடக்கேயிருந்து வரும் ரயிலிலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள். இடுப்பில் குழந்தை, கையில் பை. புருஷனுக்கு ஏதோ கட்டட வேலை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நம் தெருக்கோடியில் தகரக் கொட்டகையில்தான் குடியிருக்கிறாள். அவள் குழந்தை நம் பிள்ளைகளின் விளையாட்டை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதன் பேர் என்னவென்று நாம் கேட்டிருக்கிறோமா?