தேர்வீதியில் ஒரு ஜெபவீடு

குன்றின் மேல் நிற்கும் பழைய தேவாலயம் என்றால் பரங்கிமலையைச் சொல்வார்கள். 1523இல் போர்த்துக்கீசியர் கட்டியது. நம் மாவட்டத்தில் மணப்பாட்டு மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. புதூரிலிருந்து கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்குப் போனால் வேறு கதை. அங்கே மலையில் சமணச் சிற்பங்களும் வெட்டுவான் கோயிலும் முருகன் குடைவரையும் உண்டு. கிறித்தவரான நாடார்கள் மலைமேல் இடம் தேடவில்லை. அவர்களுக்கு வேண்டியது மலையடித் தேர்வீதி.

ஊர் எட்டையபுரம் ஜமீனுக்கு உட்பட்டது. நாடார்கள் கையில் வணிகப் பணம் சேர்ந்திருந்தது. ஆனால் அவர்கள் ஊர்வலம் தேர்வீதியில் போகக் கூடாது. வழக்காடியும் பலிக்கவில்லை. பலர் கத்தோலிக்கரானார்கள், தேர்வீதியிலேயே இடம் வாங்கி ஜெபவீடு வைத்தார்கள். 1895 பங்குனித் திருவிழாவில் அதன் முன் நின்ற பந்தலால் தேர் தடைப்பட்டது. கலவரத்தில் ஜமீன் மேலாளரும் செத்தார், நாடார்களும் செத்தார்கள்.

அந்த ஜெபவீட்டில் கட்டடக் கலையைத் தேடாதீர்கள். அது நின்ற இடம்தான் அதன் சிறப்பு. நடக்க விடாத தெருவில் சாமியையே குடிவைத்துவிட்டார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

ஆனால் தெருவில் இடம் வாங்கப் பணம் வேண்டும். கரிசலில் பருத்தி எடுத்துக் கூலி வாங்கிய பள்ளரும் பறையரும் அருந்ததியரும் எதை விற்று வாங்குவார்கள்? அதோடு, நாடார் தலைவர்கள் அன்று கேட்டது சத்திரியப் பட்டம். எல்லாருக்கும் தெருவைத் திற என்பது வேறு, நான் மேல்சாதி, எனக்குத் திற என்பது வேறு. கழுகுமலையைப் போராட்ட வரலாறாகச் சொல்லும்போது இதை விழுங்கிவிடுகிறோம்.

தெற்கே வடக்கன்குளத்தில் திருக்குடும்ப ஆலயத்தின் தரைப்படத்தையே சாதி வரைந்தது. ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள், நடுவே சுவர். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். ஒரே பூசை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910இல் கௌசானல் அடிகளார் சுவரை இடிக்க வைத்தார். வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலை மாணவர்கள் வாசிக்க வேண்டும்.

நூறாண்டு கழித்தும் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர் பிணங்களைப் பிரிக்கும் சுவருக்கு எதிராகப் போராட வேண்டியிருந்தது. அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே சிலுவைதான் நட்டிருக்கிறது.