பயன்பாட்டுவாதமும் கமரனின் சீர்திருத்தமும்

ஒரு செயல் நன்றா தீதா என்பதை எதைக்கொண்டு துணிவது என்ற வினாவிற்குத் தெய்வ ஆணையையும், மரபையும், செய்தவனின் உள்ளக்கிடக்கையையும் விடையாகக் கூறியோர் பலர். ஜெரமி பெந்தாம் (1748-1832) இவற்றையெல்லாம் ஒதுக்கி விளைவொன்றையே அளவுகோலாகக் கொண்டார். தன்னால் தாக்கமுறுவோர் யாவரினதும் இன்பத்தைக் கூட்டித் துன்பத்தைக் குறைக்கும் செயலே சரியான செயல் என்பது அவரது பயன்பாட்டுவாதத்தின் சாரம். அறநெறியும் சட்டவாக்கமும் பற்றி 1789இல் அவர் வெளியிட்ட நூல், இன்ப துன்பங்களை அளத்தற்குச் செறிவு, கால நீட்சி, உறுதிப்பாடு, அண்மை, மேலும் இன்பம் விளைக்கும் தன்மை, கலப்பின்மை, பரப்பு என ஏழு கூறுகளை வகுத்தது. இக்கணக்கிலே பிரபுவின் இன்பத்திற்கும் உழவனின் இன்பத்திற்கும் பெறுமதி ஒன்றே. இதனை வெறும் வணிகக் கணக்கென இகழ்வோர் இச்சமத்துவத்தை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

பெந்தாம் முதற்கண் சட்டத்தைத் திருத்த முனைந்தவர். ஆதலின் அவரது கொள்கையின் வலிமையையும் குறையையும் காண்பதற்கு மெய்யியல் விவாதங்களிலும் பார்க்க ஆட்சி வரலாறே தக்க களமாகும். அக்களங்களுள் இலங்கையும் ஒன்று. 1829இல் இங்கு வந்த கோல்புறூக்குடன் நீதித்துறையை ஆராய்தற்பொருட்டு மறு ஆண்டிற் சேர்ந்துகொண்ட சார்ள்ஸ் ஹே கமரன், பெந்தாமின் கருத்துக்களில் ஊறியவர்.

அன்று கரையோர மாகாணங்களுக்கு ஒருவகை நீதிமுறையும் கண்டி மாகாணங்களுக்கு வேறொன்றும் நிலவின. கமரனின் அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் தீவு முழுவதையும் ஓர் உயர் நீதிமன்றத்தின் கீழ்க் கொணர்ந்தது. மாவட்ட நீதிமன்றம் ஒவ்வொன்றிலும் நீதிபதி ஒருவரே அமர, அசெசர் எனப்பட்ட மூவர் அவருக்குத் துணைநின்றனர். நீதிபதிகள் பலர் கூடியிருப்பின் பொறுப்பு யாருடையதென்பது மறைந்துவிடும் என்பது பெந்தாமின் நெடுநாட் கருத்து. எனினும் தேசவழமையும் கண்டியச் சட்டமும் முஸ்லிம்களின் வழக்கங்களும் நீக்கப்படவில்லை. சட்டம் முழுவதையும் ஒழுங்கான கோவையாக்க விரும்பிய பெந்தாம் இவ்விட்டுக்கொடுப்பை எளிதில் ஏற்றிருப்பாரோ என்பது ஐயமே.

இராஜகாரியத்தின் கதை இன்னும் சிக்கலானது. கோல்புறூக்கின் விதந்துரைப்பின்படி 1832 ஏப்ரலில் அக்கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. கோவில் நிலங்களுக்குரிய ஊழியம் எஞ்சியது. ஊழியஞ் செய்தோரின் துன்பம் குறைந்தது என்ற அளவில் பெந்தாமின் கணக்கு இங்கு ஒத்துவருகிறது. ஆனால் விடுபட்ட உழைப்பு சந்தைக்கு வருமென்ற எதிர்பார்ப்பும் அச்சீர்திருத்தத்தில் அடங்கியிருந்தது. கண்டிய விவசாயி தன் வயலை விட்டுக் கோப்பித் தோட்டத்திற்குப் பெருமளவிற் செல்லவில்லை. தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொணரப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுவழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். பெந்தாம் கூறிய ஏழாவது கூறான பரப்பினுள் இவர்களின் துன்பத்தை எவர் சேர்த்தெண்ணினர்?

1848இல் வீதிகளுக்காக ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பு அல்லது அதற்கீடான பணம் வளர்ந்த ஆண்களிடம் கோரப்பட்டது. இராஜகாரியம் சாதியையும் நிலத்தையும் பொறுத்தது; இதுவோ செல்வரையும் வறியரையும் ஒரே அளவினால் அளந்தது. அவ்வாண்டே மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. அதற்குரிய காரணங்களுள் இப்புதிய சுமையும் ஒன்று.

தன் நலத்தை நன்கறிபவன் தானே என்பது பெந்தாமின் கொள்கைக்கு அடிப்படை. குடியேற்ற நாட்டில் அந்த அடிப்படையே கழன்றுவிடுகிறது. 1833இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினருக்கு ஆறு இடங்களே இருந்தன. அவற்றையும் தேசாதிபதியே நிரப்பினார். இன்பங்களிடையே தரவேறுபாடு கண்டு கொள்கையைச் செம்மைப்படுத்திய ஜோன் ஸ்ருவேட் மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பனியிற் பணிபுரிந்தவர். சுதந்திரம் பற்றி 1859இல் எழுதியபோது, பின்தங்கியவரெனத் தாம் கருதிய சமூகங்களை அவர் அதற்குப் புறத்தே நிறுத்தினார். அவர்களின் முன்னேற்றமே நோக்கமாயின் எதேச்சாதிகாரமும் ஏற்புடையதென்றார். பெரும்பான்மையோரின் இன்பத்தைக் கணக்கிடும் உரிமை ஆள்வோரிடமே தங்கிற்று.

கமரன் பின்னர் இந்தியாவிற் சட்ட ஆணைக்குழுவிற் பணியாற்றினார். இலங்கையிற் கோப்பித் தோட்டங்களும் அவருக்கு உரியனவாயின. புகைப்படக் கலையிற் புகழ்பெற்ற மனைவி ஜூலியா மார்கரெற்றுடன் 1875இல் இங்கு வந்து குடியமர்ந்த அவர், இலைநோயினாற் கோப்பி அழிந்துகொண்டிருந்த 1880இல் இத்தீவிலேயே காலமானார்.