கீட்டோனிலிருந்து கந்தகச் சேர்மங்கள்: பசுமை முறைகள்

கீட்டோனின் கார்பனைல் தொகுதியிலோ அதன் பக்கத்துக் கார்பனிலோ கந்தகத்தை ஏற்றி, தயோகீட்டோன், தயோஅமைடு, தயோஃபீன் முதலிய கரிமச் சேர்மங்கள் தயாரிக்கப்படுகின்றன. நச்சும் கழிவும் குறைய இவற்றைத் தயாரிக்கும் வழிகளே பசுமை முறைகள்.

தொடக்ககால முறைகள் கடுமையானவை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 1889இல் வேதியியலாளர்கள் பௌமான், ஃப்ரோம் இருவரும் அசிட்டோனுடன் ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சேர்த்துக் கிடைத்த ட்ரைதயோஅசிட்டோனைச் சூடாக்கினர். எழுந்த நாற்றம் ஊருக்குள் பரவியது. பலர் மயங்கினர், வாந்தியெடுத்தனர். மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடோ உயிருக்கே ஆபத்தான வாயு.

அதற்குப் பதிலாக வந்தவை பாஸ்பரஸ் சல்ஃபைடுகள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் லாவெசன் 1978இல் பரப்பிய வினைப்பொருள் இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. அதில் 404 கிராம் எடுத்தால், சேர்மத்துக்குள் போவது 64 கிராம் கந்தகமே. மிச்சமெல்லாம் பிரித்தெடுக்கச் சிரமம் தரும், நாறும் பாஸ்பரஸ் கழிவு.

கந்தகத் தூளையே நேரடியாகப் பயன்படுத்துவதுதான் சரியான மாற்று. கீட்டோனை அம்மோனியம் பாலிசல்ஃபைடுடன் மூடிய குழாயில் சூடாக்கும் வினையை வில்கெரோட் 1887இல் கண்டிருந்தார். கிண்ட்லர் 1923இல் அதைக் கந்தகமும் அமீனும் போதும் என்று எளிதாக்கி, தயோஅமைடுகளைப் பெற்றார்.

இவ்வழியில் மிகச் சிறந்தது கெவால்ட் வினை. கார்ல் கெவால்ட் குழு 1966இல் வெளியிட்ட வடிவில் கீட்டோன், மலோனோநைட்ரைல் போன்ற நைட்ரைல், கந்தகம் ஆகிய மூன்றும் ஒரே குடுவையில் சேர்கின்றன. எத்தனாலில் சிறிது மார்ஃபொலின் விட்டு இளஞ்சூட்டில் கலக்கினால், மஞ்சள் தூள் மெல்லக் கரைந்து மறையும். ஆறவைத்தால் அமினோதயோஃபீன் படிகமாக இறங்கும். வெளியேறும் துணைவிளைபொருள் தண்ணீர் மட்டுமே. சைக்ளோஹெக்சனோனை எடுத்துக்கொண்டால், வினைபடும் பொருள்களின் எடையில் கணக்குப்படி 90 விழுக்காட்டுக்கு மேல் விளைபொருளில் சேர்கிறது. அழற்சி மருந்தான டினோரிடின் இவ்வினையால் கிடைப்பதே.

பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளை அனஸ்டாஸ், வார்னர் இருவரும் 1998இல் வகுத்தபின், இப்பழைய வினைகள் புதுக் கவனம் பெற்றன. நீரில் நடத்துதல், கரைப்பானின்றி அரைத்தல், நுண்ணலையில் சூடாக்குதல் என அவை திருத்தப்பட்டன. மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை, பெட்ரோலியச் சுத்திகரிப்பில் பிரித்தெடுக்கும் கந்தகம் பெருமளவில் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. மலோனோநைட்ரைல் நச்சுப்பொருள். கார்பனைல் ஆக்சிஜனை மட்டும் நீக்கி அவ்விடத்தில் கந்தகத்தை வைக்க, பாஸ்பரஸ் வினைப்பொருள்களே இன்னும் பெரும்பாலும் பயன்படுகின்றன.