ஈஸ்ட் எண்ணிப் பிறந்த கணக்கு

ஈஸ்ட் குறைந்தால் பீர் முழுசாக நொதிக்காது, கூடினால் கசந்துவிடும். டப்ளினின் கின்னஸ் ஆலைக்கு இது தீராத தலைவலி. தொட்டியில் எவ்வளவு ஈஸ்ட் என்று பார்க்க, ரத்த அணுக்களை எண்ணும் ஹீமோசைட்டோமீட்டரைத்தான் எடுத்தார்கள். கட்டம் போட்ட கண்ணாடித் தட்டு, அதன்மேல் ஒரு சொட்டு. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ண வேண்டியதுதான்.

சொட்டை எண்ணிவிட்டுத் தொட்டிக்கே கணக்குச் சொல்கிறோமே, எவ்வளவு தப்பும்? 1899-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த வில்லியம் கோசெட்டை இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது.

செல்கள் நகராமலிருக்க ஜெலட்டின் கரைசலில் கலக்கி உறையவிட்டார். ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் 400 கட்டங்கள், ஒன்றுவிடாமல் எண்ணினார். ஒரு தட்டில் 1,872 செல்கள். கட்டத்துக்குச் சராசரி 4.68. ஆனால் 20 கட்டங்களில் ஒரே ஒரு செல், இரண்டு கட்டங்களில் பன்னிரண்டு! சரியாகக் கலக்கவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கோசெட்டுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு செல் குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் விழ 400-இல் ஒரு வாய்ப்புதான், செல்களோ ஏராளம். ஒன்றையொன்று சட்டை செய்யாமல் அவை விழுந்தால், சராசரி ஒன்றே போதும், மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். நான்கு செல் உள்ள கட்டங்கள் 74 இருக்க வேண்டும் என்கிறது சூத்திரம். அதை 4.68-ஆல் பெருக்கி ஐந்தால் வகுத்தால் ஐந்து செல் கட்டங்கள்: 69. அவர் எண்ணியது 70. நான்கில்தான் பெரிய இடறல், 86 இருந்தது. எல்லாமே அச்சாகப் பொருந்தியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இதே சூத்திரம் 1837-இலேயே, நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றிக் கணிதவியலாளர் பாய்சான் எழுதிய நூலில் இருந்தது. கோசெட் ஈஸ்ட் வழியாகத் தானே வந்து சேர்ந்தார். 1907-இல் ‘பயோமெட்ரிக்கா’ இதழில் கட்டுரை வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை விடாததால், போட்ட பெயர் ‘ஸ்டூடண்ட்’.

ஆலைக்குக் கிடைத்தது ஒரு எளிய விதி. எண்ணியது எவ்வளவோ, அதன் வர்க்கமூலம்தான் பிழையின் அளவு. தொட்டி பெரிதா சிறிதா என்ற பேச்சே இல்லை. 400 செல் எண்ணினால் பிழை 20, அதாவது நூற்றுக்கு ஐந்து. அதைப் பாதியாக்க 800 போதாது. 1,600 எண்ண வேண்டும்.