ஏரி வாரியமும் தோட்டத்து ஓடையும்

நீரைத் தேக்குவது ஓர் அரசனின் அருஞ்செயலாக இருக்கலாம். தேக்கிய நீரைக் காப்பதோ ஊரின் அன்றாடத் தொண்டாகும். நீர்நிலைகளைப் பெருக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய குடபுலவியனாரைப் புறநானூற்றில் கண்டு மகிழ்கிறோம். ஆயினும், அந்நீர்நிலைகளின் கரையை உயர்த்தியும், வண்டலை அகற்றியும், மதகைத் திறந்தும் அடைத்தும் காத்த கைகள் யாருடையவை என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இவ்வினாவிலிருந்து தொடங்குதல் நலம்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அவை குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராகத் தெரிவான முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், எஞ்சிய 6 பேர் ஏரி வாரியத்திலும் 360 நாள் பணியாற்றினர். பொறுப்பேற்றுப் பின் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெறும் தகுதியை இழந்தார். அவர்தம் உறவினரும் இழந்தனர். சோழநாட்டு ஊர்களில் ஏரியின் பராமரிப்புக்கெனவே ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பொதுநீரைக் காப்பதற்கு ஒரு குழுவும், ஒரு காலவரையும், ஒரு கணக்கும் வகுத்த இனம் நம் இனம் எனப் பெருமிதம் கொள்ளலாம்.

எனினும், வரலாறு பயில்வோர் பெருமிதத்தோடு நின்றுவிடலாகாது. வாரியத்தில் இடம்பெற, இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35 முதல் 70 வரையிலான வயதும் வேண்டும் என அதே கல்வெட்டு கூறுகிறது. நிலமற்ற உழைப்பாளிக்கு அங்கே ஓலையும் இல்லை, குடமும் இல்லை. பிற்காலத்தில் தமிழகத்துப் பல ஊர்களில் மதகைத் திறந்து வயல்தோறும் நீரைப் பகிர்ந்த நீர்க்கட்டி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தைச் சார்ந்தவராகவே இருந்தார். நீரின் போக்கை அவர் அறிந்திருந்தார். ஆனால், நீரைப் பற்றிய முடிவு பிறருடையதாயிருந்தது.

இந்த நிலமற்ற குடிகளிலிருந்து கணிசமானோர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்காணிகளின் அழைப்பை ஏற்று மலாயாவிற்குக் கப்பலேறினர். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் லிங்கி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், அதற்கப்பாலும் காட்டை அழித்துப் பால்மரம் நட்டனர். ஏரிக்கரையில் பிறந்தவர்க்கு இங்கே நீர் வேறொரு முகத்தைக் காட்டியது. மரங்கள் வீழ்ந்தமையால் மலையோடைகளின் மேல் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு பெருகிற்று. இவ்வுண்மையை ஆராய்ந்து உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர், 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் ஆவார். அதன்பின் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுள் செலுத்துவதும், தேங்கிய நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் தோட்டத்து அன்றாட வேலைகளாயின. நீரைத் தேக்கக் கற்ற கைகள் நீரை வடிக்கப் பணிக்கப்பட்டன. அப்பணியால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், எந்த ஓடையை மூடுவது, எதை விடுவது என்பதைத் தீர்மானித்தவர் துரையே. லயத்து மக்களைக் கேட்டாரில்லை.

அவ்வாறிருந்தும், ஓடையோடு நம் மக்கள் கொண்ட உறவு அறுந்துவிடவில்லை. துணி வெளுத்ததும், சிறுவர் நீந்தியதும், துண்டை விரித்து மீன் பிடித்ததும் அங்கேதான். மாரியம்மன் திருவிழாவிற்குக் கரகம் சோடித்து எழுந்தருளச் செய்ததும் அந்நீர்க்கரையிலேதான். திருவிழாவிற்கு முன் கரையின் புதரை வெட்டி, பாதையைச் செப்பனிட்டு, குப்பையை அகற்றியவர்கள் கூலி கேட்டதில்லை. ஏட்டில் பதியாத ஏரி வாரியம் அது. ஆனால், ஆலையிலிருந்து அமிலம் கலந்த கழிவுநீர் அதே ஓடையில் இறங்கியபோது, அதைத் தடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ரப்பர் ஆலைக் கழிவுக்கு வரம்பு விதிக்கும் ஒழுங்குமுறைகள் 1978 ஆம் ஆண்டில்தான் நாட்டில் பிறந்தன.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டை ஈண்டு ஒப்புநோக்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஏரிக்கரைதோறும் கோடைக்குடில்கள் உண்டு. அங்கே கோடையைக் கழிக்க வருவோர் படகோட்டி, நீந்தி மகிழ்வதோடு, சங்கம் அமைத்து ஏரியையும் காக்கின்றனர். அச்சங்கங்களின் கூட்டமைப்பு 1963 ஆம் ஆண்டில் தோன்றியது. கறுப்பும் வெள்ளையுமான ஒரு வட்டத்தகட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்து, நீரின் தெளிவை அவர்கள் ஆண்டுதோறும் அளக்கின்றனர். இத்தாலிய அறிஞர் செக்கி 1865 இல் கண்ட எளிய முறை இது. அவர்கள் நம்மவரினும் நீரை மிகுதியாக நேசிப்பவர்கள் அல்லர். கரையில் சொந்த நிலமும், சங்கத்தில் வாக்கும் உடையவர்கள். உரிமை உள்ள இடத்தில் பேணுதல் அமைப்பாக வளர்கிறது. உரிமையற்ற இடத்தில் அது ஒரு தலைமுறையின் பழக்கமாகத் தோன்றி, அத்தலைமுறையோடு மறைகிறது.

துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் அருமை இங்கே புலப்படும். பால்வெட்டும் கை, நிலத்தில் பங்குடைய கையாகவும் ஆகலாம் என்பதை அச்சங்கம் மெய்ப்பித்தது.

இன்று சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியவற்றுள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டுவந்த பிள்ளைகள் இப்போது வாக்குரிமையும் வீட்டுரிமையும் உடைய குடிமக்கள். பாட்டனார்க்கு இல்லாத தகுதி பேரனுக்கு வாய்த்திருக்கிறது. பாட்டனார்க்கு இருந்த நீரறிவு பேரனிடம் மங்கி வருகிறது. ஆசிரியப் பெருமக்கள் இவ்விரண்டையும் இணைத்தல் கூடும். ஒரு வெள்ளைத் தகடும், முடிச்சிட்ட கயிறும், ஒரு குறிப்பேடும் போதும்; பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தை மாணாக்கர் மாதந்தோறும் அளந்து எழுதலாம். அக்குறிப்பேட்டை ஊராட்சி மன்றத்தின் முன் வைத்துக் கணக்குக் கேட்கவும் பழக்கலாம். குடவோலையில் தம் முன்னோர் பெயர் இடம்பெறாத பிள்ளைகள் அவ்வாறு கேட்கும் நாளில்தான், உத்திரமேரூர்க் கல்வெட்டு நம் அனைவர்க்கும் உரிய வரலாறாகும்.