நிலவறைக்குள் போக மறுத்தவர்கள்

குளியலறைக் கண்ணாடி முன் கணவனும் மனைவியும் நிற்கிறார்கள். ஃபால்அவுட் 4 என்ற கணினி விளையாட்டில் நம் கைக்கு வரும் முதல் காட்சி இது. நாள் 2077 அக்டோபர் 23. இடம் அமெரிக்காவின் பாஸ்டனுக்கு வெளியே ஒரு குடியிருப்பு. கண்ணாடிக்கு நேராக நிற்பவன் கணவன் நேட், போரிலிருந்து திரும்பிய சிப்பாய். பெண்ணாக ஆட விரும்புகிறவர் பொத்தானை அழுத்தி மனைவி நோராவை முன்னே வரவழைக்க வேண்டும். அப்போதுதான் அவன் ஒதுங்கி இடம் கொடுப்பான். அதற்கு முன்பே, உலகம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லி முடித்திருக்கும். அது நேட்டின் குரல். நாம் நோராவாக ஆடினாலும் வரலாற்றைச் சொல்வது அவன்தான்.

கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பெண் இரவு சமையலறையை ஒழித்துவிட்டு கேம் ஆட உட்காருகிறாள் என்றால் சிரிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இந்த ஒரு விளையாட்டில் மட்டும் முந்நூறு மணி நேரத்துக்கு மேல் கழித்திருக்கிறேன், வருத்தமில்லை. ஆனால் வரலாறு படித்தவளுக்கு எந்த வீட்டுக்குள் போனாலும் கண் சும்மா இருக்காது.

கதை இதுதான். கண்ணாடிக் காட்சி முடிந்த சில நிமிடங்களில் அணுகுண்டு விழுகிறது. கணவன், மனைவி, கைக்குழந்தை ஷான் மூவரும் ஒரு நிறுவனம் கட்டிய நிலவறைக்குள் ஓடுகிறார்கள். அங்கே அவர்களை உறையவைத்துவிடுகிறார்கள். இடையில் யாரோ வந்து கணவனைச் சுட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிப் போகிறார்கள். நோரா மறுபடி கண் விழிப்பது 2287இல். வெளியே இடிந்த நகரம், கதிரியக்கம், கொள்ளைக் கூட்டம். நாம் இஷ்டம்போல் எங்கும் நடக்கலாம். நடந்து குழந்தையைத் தேட வேண்டும்.

இந்த 2077 நமக்குத் தெரிந்த எதிர்காலம் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வரலாறு வேறு கிளையில் பிரிந்துபோன உலகம் அது. 1950களின் அமெரிக்கா தேங்கி, நூற்றாண்டுக்கு மேலாக அப்படியே நின்றுவிட்டது. கார்கள், வானொலிப் பாட்டுகள், வீட்டு வேலை செய்யும் இயந்திரப் பணியாள், சிரித்த முகத்தோடு விளம்பரங்கள் என எல்லாம் அந்தக் காலத்தவை. விளையாட்டின் நகைச்சுவையே இதில்தான் இருக்கிறது: குண்டு விழப்போகும் வீட்டில் எல்லாம் பளபளவென்று இருக்கும்.

ஆனால் நோரா சட்டம் படித்தவள். கணவன் அவளுக்காகப் பதிவு செய்து வைத்த ஒலிநாடா ஒன்று பிறகு நம் கைக்கு வருகிறது. குழந்தை வளர்ந்துவிட்டது, இனி உன் சட்டப் பட்டத்தைத் தூசி தட்டி எடுக்கலாம் என்கிற பொருளில் அன்பாகப் பேசுகிறான். அதைக் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். பாஸ்டனுக்கு ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹார்வர்ட் சட்டப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1950இல்தான். அந்தப் பத்தாண்டில் அமெரிக்க வழக்கறிஞர்களில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அதை மாற்ற 1960களிலும் 70களிலும் பெண்கள் நீதிமன்றம் ஏறினார்கள், தெருவில் நின்றார்கள். 1950களிலேயே உறைந்துபோன உலகத்தில் நோராவுக்குப் பட்டம் எங்கிருந்து வந்தது? இடிபாடுகளில் கிடைக்கும் பழைய கணினிகளில் பெண் அதிகாரிகளும் பெண் விஞ்ஞானிகளும் நிறையப் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காக யாரும் போராடியதற்கான தடயம் மட்டும் என் கண்ணில் படவில்லை. உரிமை இருக்கிறது, அதை வாங்கித் தந்தவர்கள் இல்லை.

போராடியவர்கள் நிஜ 1950களில் இருந்தார்கள். அவர்களைத் தேடினால் போய்ச் சேருவது வழக்கறிஞர்களிடம் அல்ல, இந்த விளையாட்டு எதைப் பற்றியதோ அந்தக் குண்டிடம்.

அமெரிக்க அரசு அணுப்போருக்கு மக்களைத் தயார்செய்யத் தொடங்கியபோது முதலில் தட்டியது இல்லத்தரசியின் கதவைத்தான். மத்தியக் குடிமைப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பெண்களுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. 'பாட்டியின் சரக்கறை' என்று ஒரு பிரச்சாரம் நடத்தினார்கள். அந்தக் காலத்துப் பாட்டி எதிர்பாராத விருந்தாளிக்காக எப்போதும் சாமான் நிறைத்து வைத்திருப்பாளாம், நீயும் ஏழு நாளுக்கு உணவும் தண்ணீரும் சேர்த்து வை என்றார்கள். அணுகுண்டையும் வீட்டுக்கு வரும் விருந்தாளிபோல் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பிரிவின் தலைவி ஜீன் வுட் ஃபுல்லர் 1955இல் நெவாடா பாலைவனத்தில், குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு குழிக்குள் உட்கார்ந்து சோதனையைப் பார்த்தார். ஆண்களைப் போலவே பெண்களாலும் இதைத் தாங்க முடியும் என்று வெளியே வந்து அறிவித்தார். சம உரிமையை இப்படியும் கேட்கலாம்போல. அதே சோதனையில் வீடுகளைக் கட்டி, கடையில் வாங்கிய புது உடைகளை அணிவித்த பொம்மைக் குடும்பங்களை உள்ளே உட்காரவைத்து, டப்பா உணவுகளையும் அடுக்கி வைத்துத்தான் வெடித்தார்கள்.

சரக்கறை என்றதும் விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நினைவுக்கு வருகிறது. துப்பாக்கிச் சண்டையைவிட அதிக நேரம் நான் ஊர் கட்டுவதில் செலவழித்தேன். ஒவ்வொரு குடியிருப்புக்கும் திரையில் ஒரு கணக்கு ஓடும்: எத்தனை பேர், எவ்வளவு உணவு, எவ்வளவு தண்ணீர், எத்தனை படுக்கை, மக்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். படுக்கை ஒன்று குறைந்தால் மகிழ்ச்சியும் இறங்கும். துப்பாக்கியை மேம்படுத்தப் பசை வேண்டும். பசையோ எளிதில் கிடைக்காது. அனுபவப்பட்டவர்கள் அதை அடுப்பில் காய்ச்சுகிறார்கள். சோளம், மியூட்ஃப்ரூட், டாட்டோ மூன்றும் மும்மூன்று, கூடவே சுத்தமான தண்ணீர் ஒன்று. உலகெங்கும் லட்சக்கணக்கான இளைஞர்கள் இரவெல்லாம் கண்விழித்து யாருக்குப் படுக்கை இல்லை, தோட்டத்துக்கு யார் போவது, தண்ணீர் போதுமா என்று கணக்குப் பார்க்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் வீட்டில் யார் அந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள் என்று தெரியும்?

நிஜத்தில் எல்லாப் பெண்களும் சரக்கறையை நிறைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. 1954இலிருந்து ஆண்டுக்கொரு முறை அமெரிக்க நகரங்களில் சங்கு ஊதும். எல்லாரும் பதுங்குமிடத்துக்கு ஓட வேண்டும். நியூயார்க்கில் ஓட மறுப்பது சட்டப்படி குற்றம். 1955இல் டோரதி டேயும் தோழர்களும் நகர மன்றத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் அசையாமல் உட்கார்ந்து கைதானார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் வந்தார்கள், கைதானார்கள். 1960இல் மேரி ஷர்மாட், ஜானிஸ் ஸ்மித் என்ற இரண்டு இளம் தாய்மார்கள் சேர்ந்தார்கள். மே 3 அன்று சங்கு ஊதியபோது அந்தப் பூங்காவில் ஐந்நூறு பேருக்கு மேல் நின்றார்கள். குழந்தைகளோடும் விளையாட்டுச் சாமான்களோடும் வந்திருந்த தாய்மார்கள் பலர். ஹைட்ரஜன் குண்டுக்கு முன்னால் பதுங்குமிடம் என்பதே பொய் என்பது அவர்கள் வாதம். மறு ஆண்டு கூட்டம் இன்னும் பெருகியது. 1962இல் அந்தப் பயிற்சியையே கைவிட்டார்கள்.

விளையாட்டில் குண்டு விழும் அன்று எல்லாரும் நிலவறையை நோக்கி ஓடுவார்கள். ஓடாமல் கதை நகராது. நான் ஒருமுறை நோராவை அசையாமல் நிறுத்திப் பார்த்தேன். ஆட்டம் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபால்அவுட் என்ற சொல்லுக்கும் ஒரு பிறந்த இடம் உண்டு. 1954 மார்ச் 1 அன்று பசிபிக்கில் மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா 15 மெகாடன் குண்டைச் சோதித்தது. நூறு மைல் தள்ளியிருந்த ரோங்கெலாப் தீவின்மேல் வெள்ளைத் தூள் கொட்டியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை அப்புறப்படுத்தினார்கள். அதன் பிறகுதான் அந்தச் சொல் செய்தித்தாள்களில் அடிபட்டு வீடுகளுக்குள் வந்தது. அன்று எட்டு வயதுச் சிறுமியாக இருந்த லிஜோன் எக்னிலாங் 1995இல் ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்தின் முன் நின்று, தனக்கு ஏழு முறை கரு கலைந்ததையும், தன் தீவுப் பெண்கள் மனித உருவமே இல்லாத குழந்தைகளைப் பெற்றதையும் சாட்சியமாகச் சொன்னார். அதே தூள் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேலும் விழுந்தது. டோக்கியோவின் சுகினாமி பகுதி இல்லத்தரசிகள் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அது நாடு முழுக்கப் பரவி மூன்று கோடியைத் தாண்டியது. விளையாட்டு பாஸ்டன், வாஷிங்டன், கலிஃபோர்னியா என்று அமெரிக்காவுக்குள்ளேயே சுற்றுகிறது. அங்கே குண்டு அமெரிக்காவின்மேல் விழுவது. மற்றவர்கள்மேல் அது விழுந்தது ஏற்கெனவே நடந்து முடிந்த சங்கதி.

ஷானை ஏன் கடத்தினார்கள் என்பது பாதிக் கதைக்குப் பிறகு தெரியவரும். இன்னும் ஆடாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

தரைக்கடியில் ஒளிந்து வாழும் விஞ்ஞானிகளுக்குக் கதிரியக்கம் தீண்டாத மரபணு தேவைப்படுகிறது. போருக்கு முன்பே பிறந்து உறையவைக்கப்பட்ட குழந்தையிடம் அது இருக்கிறது. எடுத்துப் போகிறார்கள். அப்பெற்றோரில் உயிரோடு விடப்பட்டவரை எதற்காக விட்டுவைத்தார்கள் என்றால், குழந்தை பயன்படாமல் போனால் வைத்துக்கொள்ள ஒரு மாற்றுச் சரக்காக. கடத்தியவன் நம்மைக் குறிப்பிடுவதே அப்படித்தான். நோரா கடைசியில் மகனைக் கண்டுபிடிக்கும்போது அவன் அறுபது வயதுக் கிழவன், அந்த விஞ்ஞானிகளுக்கே தலைவன்.

நிஜ உலகில் கதிரியக்கம் குழந்தையின் உடம்பில் ஏறிய கதை வேறு மாதிரிப் போனது. குண்டுச் சோதனைகளிலிருந்து வரும் ஸ்ட்ரான்ஷியம்-90 வேதியியலில் கால்சியத்துக்கு உறவு. புல்லில் விழும், மாடு மேயும், பாலில் வரும், வளரும் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய் உட்காரும். ஆபத்தில்லை என்றது அரசு. செயின்ட் லூயிஸ் நகரத்தில் விஞ்ஞானிகளும் குடிமக்களும் சேர்ந்து 1958 டிசம்பரில் பால் பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். நடத்தியவர் லூயிஸ் ரெய்ஸ் என்ற பெண் மருத்துவர். பல் விழுந்ததும் தாய் அதை ஒரு அட்டையோடு சேர்த்து உறையில் போட்டு அனுப்ப வேண்டும். பல் கொடுத்த குழந்தைக்கு ஒரு பொத்தான் பேட்ஜ் வரும். பன்னிரண்டு ஆண்டுகளில் சேர்ந்தவை மூன்று லட்சத்துக்கும் மேல். தபாலைப் பிரிப்பதும் எண்ணுவதும் தன்னார்வலர்களின் வேலை. 1961 நவம்பரில் முதல் முடிவுகள் வந்தன: சோதனைகள் கூடக் கூடப் பற்களில் ஸ்ட்ரான்ஷியமும் ஏறியிருந்தது.

அதே மாதம் முதல் தேதி அமெரிக்கா முழுவதும் அறுபது நகரங்களில் சுமார் ஐம்பதாயிரம் பெண்கள் வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த டாக்மர் வில்சன் தோழிகளோடு சேர்ந்து விடுத்த அழைப்பு அது. அமைதிக்கான பெண்கள் வேலைநிறுத்தம் என்று பெயர். மறு ஆண்டு டிசம்பரில், கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருக்கிறார்களா என்று விசாரிக்க நாடாளுமன்றக் குழு அவர்களைக் கூப்பிட்டது. அந்தக் குழுவின் முன்னால் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடுங்கிய காலம் உண்டு. பெண்கள் கைக்குழந்தைகளோடு அரங்கை நிறைத்தார்கள். சாட்சி சொல்லப் போகிறவருக்கெல்லாம் பூங்கொத்து கொடுத்தார்கள். உங்கள் அமைப்பில் யாரைச் சேர்ப்பது என்று கட்டுப்படுத்துகிறீர்களா என்று வில்சனைக் கேட்டபோது, அதற்கு வழியும் இல்லை, விருப்பமும் இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். மறுநாள் பத்திரிகைகள் சிரித்தது குழுவைப் பார்த்துத்தான். 1963 ஆகஸ்டில் வளிமண்டலச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அவர்கள் அம்மா என்ற வேடத்தைத் தெரிந்தே போட்டுக்கொண்டார்கள். தொப்பி, கையுறை, தள்ளுவண்டி எல்லாம் அதற்கான ஒப்பனை. அந்த இயக்கத்தில் இருந்து பின்னாளில் அதன் வரலாற்றை எழுதிய ஏமி ஸ்வெர்ட்லோ இதை மறைக்கவில்லை. வேடத்துக்கு விலையும் உண்டு. 1968 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த பெண்களின் போர் எதிர்ப்புப் பேரணிக்கு வந்த இளம் பெண்ணியவாதிகள், முடிச்சுருளும் ஒப்பனைச் சாமானும் தொங்கவிட்ட ஒரு பொம்மையைத் தூக்கி வந்து 'மரபுவழிப் பெண்மை'க்கு இறுதிச் சடங்கு செய்தார்கள். தாயாகவும் மனைவியாகவும் மட்டுமே பேசினால் அந்த எல்லைக்குள்தான் நம்மைக் கேட்பார்கள் என்பது அவர்கள் கட்சி. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் வேடம் போட்டவர்கள் இல்லாமல் அந்த ஒப்பந்தம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நோராவும் அம்மாதான். பிள்ளையைத் தேடித்தான் அத்தனை பேரையும் சுடுகிறாள். வழியில் இன்னொரு தாயோடு சேர்ந்து அவள் செய்யக்கூடிய காரியம் எதையும் ஆட்டம் வைக்கவில்லை. இந்த வரிசையின் பழைய விளையாட்டுகளில் ஒரு பெண்ணுக்குச் சற்று நியாயம் கிடைத்தது. 1997இல் வந்த முதல் ஃபால்அவுட்டில் டாண்டி கொள்ளையர் பிடியிலிருந்து நாம் மீட்க வேண்டிய ஊர்த்தலைவர் மகள். அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பாகத்தில் அவள் ஒரு குடியரசின் வயதான அதிபர். இடைப்பட்ட காலத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்பதை நாம் ஆட முடியாது, கேள்விப்பட மட்டும்தான் முடியும்.

2001இல் செயின்ட் லூயிஸுக்கு அருகே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெடிமருந்து வைக்கக் கட்டிய ஒரு நிலவறையை ஒழித்தார்கள். உள்ளே பெட்டி பெட்டியாகப் பால் பற்கள், சுமார் 85,000. சோதனைக்குப் போகாமல் மிஞ்சியவை. ஒவ்வொரு பல்லோடும் பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும் எழுதிய அட்டை இருந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது அறுபதையும் எழுபதையும் எட்டியவர்கள். பற்கள் இன்று பாஸ்டனில், ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஆய்வில் இருக்கின்றன. அட்டையில் உள்ள பெயரை வைத்து ஆளைத் தேடி, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.