குறிஞ்சாக்கேணி: பாலம் வரும்வரை எந்தப் பாதை?

கிழக்கிலங்கையில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நடந்து செல்லும் வழியும் பாதைதான். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு களப்பின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லும் மிதவையும் பாதைதான். மட்டக்களப்பின் மண்முனையிலும் குருமண்வெளியிலும், திருகோணமலையின் கிண்ணியாவிலும் பல தலைமுறையினர் இந்த இரண்டாவது பாதையை நம்பியே பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் போய் வந்தனர். 2021 நவம்பர் 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை, பாடசாலை செல்லும் நேரத்தில், குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்ததும் அத்தகைய ஒரு பாதையே.

அன்றைய தினமே ஆறு உயிர்கள் பறிபோயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தவர்களின் மரணத்தால் அந்த எண்ணிக்கை பின்னர் மேலும் உயர்ந்தது. கிண்ணியா முழுவதும் கொதித்தெழுந்தது. பாதையை இயக்கியவர்கள் கைது செய்யப்பட்டனர். நகரசபைத் தவிசாளரும் கைதானார். அனுமதி வழங்கியது யார், வழங்காதது யார், வழங்கக்கூடாது என்று சொன்னது யார் என்பது குறித்துப் பாராளுமன்றத்தில் ஆளுந்தரப்பும் எதிர்த்தரப்பும் மோதிக்கொண்டன. யார் குற்றவாளி என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதற்குள் நாம் புக விரும்பவில்லை. நாம் இங்கு ஆராய முற்படுவது வேறொரு விடயம். குறிஞ்சாக்கேணிப் பாலம் மக்களின் நெடுநாள் கோரிக்கை. பழைய பாலம் பழுதடைந்திருந்தது என்பதையோ, புதிய பாலம் அவசியம் என்பதையோ எவரும் மறுக்கவில்லை. அவ்வாறாயின், எல்லோரும் வேண்டிய ஒரு நல்ல திட்டம் பிள்ளைகளின் உயிரைக் குடித்தது எவ்வாறு?

எமது கணிப்பில் இதற்கான விடை, வீதித் திட்டங்களை நாம் மதிப்பிடும் முறையிலேயே இருக்கிறது. ஒரு வீதியை நேராக்கும்போதோ, பாலமொன்றை இடம்மாற்றிக் கட்டும்போதோ, அதிகாரிகள் பார்ப்பது முடிந்த நிலையிலுள்ள வரைபடத்தை மாத்திரமே. புதிய பாலத்தில் எத்தனை வாகனங்கள் செல்லும், எவ்வளவு நேரம் மீதமாகும், எத்தனை மரங்கள் வெட்டப்படும் என்றெல்லாம் கணக்கிடப்படுகிறது. பழைய பாலம் மூடப்படும் நாளுக்கும் புதிய பாலம் திறக்கப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மக்கள் எவ்வாறு கரை கடப்பர் என்பது அந்தக் கணக்கில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவது அரிது. 'மாற்று வழி பயன்படுத்தப்படும்' என்ற ஒற்றை வரியோடு விடயம் முடிந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று நோக்குவோம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, குறித்துரைக்கப்பட்ட திட்டங்களுக்கு முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்ற ஏற்பாடு அதில் சேர்க்கப்பட்டது. எவை அத்தகைய திட்டங்கள் என்பதை 1993 யூன் மாத வர்த்தமானி அறிவித்தல் வகுத்துக் கூறியது. வீதிகளைப் பொறுத்தவரை 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளே அப்பட்டியலில் அடங்குகின்றன. காடு, சரணாலயம் முதலிய சில இடங்களில் மாத்திரம் அளவு சிறிதாயினும் அனுமதி தேவைப்படலாம். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு தயாரிக்கப்பட்டால், அதனை மூன்று மொழிகளிலும் அறிவித்து, பொதுமக்கள் கருத்துத் தெரிவிப்பதற்கு 30 நாட்கள் அவகாசம் அளிக்கப்பட வேண்டும். ஆனால் ஒரு களப்புப் பாலமும் அதன் இரு புறத்து அணுகு வீதிகளும் 10 கிலோமீற்றர் என்ற அளவுகோலை எட்டுவதில்லை. ஆகவே அந்த 30 நாட்களும் ஊர்மக்களுக்குக் கிடைப்பதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், கடலோடு தொடர்புடைய ஆறுகள், களப்புகள் விடயத்தில் முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரையிலான பகுதியையும் கரையோர வலயமாகவே கொள்கிறது. அந்த வலயத்திற்குள் அபிவிருத்தி வேலைகளுக்குக் கரையோரம் பேணல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் அவசியம். கிழக்கின் களப்புப் பாலங்கள் பலவற்றுக்கு உண்மையில் பொருந்துவது இந்தச் சட்டமே. எனினும் இச்சட்டம் கவனிப்பது கரையையும் நீரையும்தான். கரையிலிருந்து கரைக்குப் போகும் மனிதரை எந்தச் சட்டமும் கவனிக்கவில்லை. வீதி, வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. கரை, கரையோரத் திணைக்களத்துக்குரியது. ஊர், உள்ளூராட்சி சபைக்குரியது. பாலம் இருந்த இடத்தில் மிதக்கத் தொடங்கிய பாதை யாருக்குரியது என்ற கேள்வி, அது கவிழ்ந்த பிறகே எழுந்தது.

வாகனப் போக்குவரத்தைக் கணக்கெடுக்கும் முறையும் குறைபாடுடையது. கணக்கெடுப்பவர் வீதியோரத்தில் நின்று பஸ், லொறி, கார், முச்சக்கரவண்டி என்று எண்ணிக்கொள்கிறார். குறிஞ்சாக்கேணி போன்ற ஊரில் பாலத்தைக் கடப்போரில் கணிசமானோர் நடந்து செல்லும் மாணவர்கள், சைக்கிளில் செல்லும் தொழிலாளர், மீன் கூடையுடன் போகும் வியாபாரிகள், சிகிச்சைக்குச் செல்லும் தாய்மார். வாகனம் சுற்றுவழியால் போய்விடும். எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சுற்றுவழி என்பது ஒன்றும் இல்லை. அதற்கு இருந்தது அந்தப் பாதை ஒன்றே. அத்துடன், அந்த விபத்து நடந்த காலத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். கொவிட் பெருந்தொற்றினால் நீண்ட நாட்கள் மூடிக்கிடந்த பாடசாலைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டு வந்த வாரங்கள் அவை. பாடசாலைகள் மூடியிருக்கும்போது போதுமானதாகத் தோன்றிய ஒரு மாற்று ஏற்பாடு, மணி அடித்த மறுநாளே போதாததாகிவிடும் என்பதை ஊகிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. போதாக்குறைக்கு அது வடகீழ்ப் பருவமழைக் காலம். நவம்பர் முதல் யனவரி வரை கிழக்கின் களப்புகள் நிரம்பி, நீரோட்டம் விரைவாகவும் காற்று பலமாகவும் இருக்கும் என்பது இந்தக் கரையில் பிறந்த சிறுவனுக்கும் தெரியும்.

சுற்றாடல் பக்கம் வருவோம். தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக்குடாவும் அவற்றைச் சூழ்ந்த களப்புகளும் ஒன்றோடொன்று தொடர்புடைய நீர்ப்பரப்புகள். மகாவலி கங்கை தன் 335 கிலோமீற்றர் பயணத்தை முடித்துக் கொட்டியாரக்குடாவில்தான் கடலோடு கலக்கிறது. இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் ஒடுங்கிய வாய்க்கால்களின் ஊடாகவே களப்பினுள் நுழைந்து, கண்டல் வேர்களிடையே வளர்கின்றன. பாலம் கட்டும்போது நீளத்தைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துவதற்காக இரு கரையிலிருந்தும் மண்ணைக் கொட்டி அணையை நீட்டுவது வழக்கம். அணை நீள நீள வாய் குறுகுகிறது. குறுகிய வாயில் நீர் வேகமெடுத்து அடியை அரிக்கிறது. உட்புறத்தில் வண்டல் தேங்குகிறது. கண்டலுக்கு உவர்நீர் போய்வருவது தடைப்படுகிறது. பழைய பாலத்தின் தூண்களை நீருக்குள்ளேயே விட்டுவிட்டு அருகில் புதியதைக் கட்டினால் அடைப்பு இரட்டிப்பாகும்.

வெள்ளக் காலத்தில் இதன் விளைவு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையால் மகாவலியின் கீழ்ப்படுகை மூழ்கியதை நாம் கண்டோம். உயர்த்தப்பட்ட ஒவ்வொரு வீதியும் அத்தகைய நாளில் ஓர் அணைக்கட்டே. ஒரு பக்கத்து மக்களுக்கு அது வெளியேறும் வழி. மறுபக்கத்து மக்களுக்கு அது வடிய மறுக்கும் வெள்ளம். மதகுகளின் எண்ணிக்கையும் அகலமும் எங்கோ உள்ள வரைபட மேசையில் அல்லாமல், முந்தைய வெள்ளங்களில் நீர் எந்த மட்டத்தில் நின்றது என்பதை அறிந்த ஊரவரிடம் கேட்டு நிர்ணயிக்கப்பட வேண்டியவை. அணுகு வீதிக்குக் கொட்டப்படும் மணல் எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். மகாவலி மணல் அகழ்வு கிண்ணியாவில் தீராத சர்ச்சை என்பது யாவரும் அறிந்ததே.

வீதியின் தடம் மாறும்போது மக்களிடம் கேட்கவேண்டியதில்லை என்ற எண்ணம் நம் நாட்டு உயர்நீதிமன்றத்திலேயே ஒருமுறை முறியடிக்கப்பட்டிருக்கிறது. தென் அதிவேக நெடுஞ்சாலைத் திட்டத்தில், மதிப்பீடு செய்யப்பட்ட தடத்தை விட்டு விலகி, ஈரநிலத்தைத் தவிர்க்கும் பொருட்டு வீதி வேறு காணிகளூடாகத் திருப்பப்பட்டது. புதிய தடத்தில் வீடும் காணியும் இழந்தவர்கள் தங்களை எவரும் விசாரிக்கவில்லை என்று வழக்காடினர். 2004 யனவரியில் தீர்ப்பளித்த உயர்நீதிமன்றம், தடத்தை மாற்றியபோது பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்காதது இயற்கை நீதிக்கு முரணானது என்று கூறி அவர்களுக்கு இழப்பீடு வழங்கப் பணித்தது. ஆனால் வீதியை நிறுத்தவில்லை. அது 2011இல் திறக்கப்பட்டு இன்று ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்படுகிறது. அத்தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது இதுதான்: திட்டம் நல்லதாக இருப்பது, கேட்காமல் செய்வதற்கான நியாயம் ஆகாது. நிரந்தரத் தடம் மாறுவதற்கு இந்த நியதி பொருந்துமாயின், மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீடிக்கும் தற்காலிகத் தடத்துக்கு ஏன் பொருந்தக்கூடாது?

'தற்காலிகம்' என்ற சொல்லையும் நாம் ஐயத்துடனேயே நோக்க வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியபோது நாடெங்கும் வீதி வேலைகள் பாதியில் நின்றன. குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் வேலையும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அத்தனை மரணங்களுக்குப் பின்னரும் அவ்வூர் மக்கள் பாலமின்றியே காத்திருக்க நேர்ந்தது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட முடிவுத் திகதியை நம்பி அமைக்கப்படும் மாற்று வழி, அதைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு காலம் தாங்கவேண்டி வரும் என்பதே அனுபவம்.

கிண்ணியாவின் வரலாற்றில் ஒரு கசப்பான முரண் உண்டு. 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் சவூதி அரேபிய நிதியுதவியுடன் திறக்கப்பட்டபோது, அங்கு காலங்காலமாக ஓடிய பாதை ஓய்வு பெற்றது. பாலம் திறக்கும் நாள்வரை பாதை ஓடியது. ஆகவே இடைவெளி ஏற்படவில்லை. 12 ஆண்டுகளின் பின்னர் சில கிலோமீற்றருக்கு அப்பால், பாலம் போய்ப் பாதை வந்தது. பாக்குநீரிணையின் மறுகரையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1914இல் அமைக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் சேவை நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் திகதியே திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ரயில்கள் மண்டபத்தோடு நின்றுவிட்டபோதிலும், 1988 முதல் அருகிலேயே நிற்கும் வீதிப் பாலத்தால் இராமேஸ்வரத்து மக்கள் கடலில் இறங்க வேண்டியிருக்கவில்லை. அது திட்டமிட்டுச் செய்த முன்னேற்பாடு அல்ல, வாய்த்த வசதி என்று சொல்லலாம். உண்மைதான். வாய்க்காத இடங்களில் அதனை ஏற்படுத்திக் கொடுப்பதுதான் திட்டமிடல் எனப்படுவது.

விபத்து நடந்த சில நாட்களுக்குள் கடற்படையினர் குறிஞ்சாக்கேணியில் பயணிகள் படகுச் சேவையைத் தொடக்கினர். அப்பணியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் திருகோணமலை, கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் அமைந்துள்ள துறைமுகம். அந்தப் படகுகள் நவம்பர் 23க்கு முன்னரும் அங்கேதான் இருந்தன. கேட்பதற்கு ஒரு கடிதம் போதுமாயிருந்திருக்கும். அக்கடிதத்தை எழுதும் பொறுப்பு எவர் மேசையிலும் இருக்கவில்லை என்பதே அவலம்.

ஆகவே, களப்பையோ ஆற்றையோ கடக்கும் எந்தப் பாலத்தையும் மூடுவதற்கு முன்னர், மாற்று வழி நிர்மாண ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே விலைமதிப்பிடப்பட்டு, அதற்கான பணம் தனியாக ஒதுக்கப்பட வேண்டும் என்று நாம் கோருகிறோம். இயலுமான இடங்களில் பழைய பாலம் நடைப்பயணிகளுக்காவது திறந்திருக்க வேண்டும். இயலாவிடில் இராணுவத்தினர் அமைப்பது போன்ற தற்காலிக இரும்புப் பாலம். அதுவும் இயலாவிடின் மாத்திரமே படகு. அந்தப் படகும் தகுதி வாய்ந்த அதிகாரியால் பரிசோதிக்கப்பட்டு, ஏற்றக்கூடிய ஆட்தொகை அதன் பக்கத்திலேயே எழுதப்பட்டு, உயிர்காப்பு அங்கிகளுடன் இயங்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் சேவை மூடப்படும் முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். இவை அனைத்துக்கும் பொறுப்பான ஒரே நிறுவனம் எது, அங்கு எந்த அலுவலர் என்பது, பாலத்தின் இரு முனைகளிலும் நாட்டப்படும் பெயர்ப்பலகையில், திட்டத்தின் தொகைக்கும் ஒப்பந்தக்காரரின் பெயருக்கும் மேலாகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.